ஆறு மணி மாத்திரை

டமார்!

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. விழுந்ததோடு விடாமல் உருண்டு, சுவரில் மோதி, தட்டாமாலை சுற்றி, அடங்க மனமில்லாமல் கணகணத்துக்கொண்டே இருந்தது.

கடைக்கு வாரவிடுமுறை நாள். கடையைப் பூட்டினாலும் கையைப் பூட்ட முடியுமா? ஜன்னலோர மேஜையில் ஒரு பெண்கள் கைக்கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணில் லென்ஸும் விரலில் சாமணமுமாக உட்கார்ந்திருந்தார் வாட்ச்காரர். முப்பது வருஷமாகக் கடிகாரம் பழுது பார்ப்பவர். அவருக்கு வேறு ஒரு பெயர் இருப்பது அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. சாமண நுனியில் எள்ளில் பாதி அளவு திருகாணி ஒன்று.

"துரை! மறுபடியும் மேடை மேல ஏறிட்டியா? நான் எழுந்து வந்தேன்னா தோலை உரிச்சுடுவேன்!"

இந்த மிரட்டலுக்கு வழக்கமாக ஒரு எதிர்ப்பேச்சு வரும். துரை என்பது சாம்பல் நிறப் பூனை. வெள்ளை மீசை, நடையில் ஒரு அதிகாரம். பேச்சில் யாருக்கும் கடன் வைக்காது. இன்றைக்குப் பதில் வரவில்லை. பாத்திரத்தின் சத்தம் அடங்கியது. அது அடங்கிய பிறகு, அதன் அடியிலிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. தரையை நகம் பிறாண்டும் சத்தம். நிற்காமல், ஒரே சீராக.

திருகாணி எங்கே தெறித்தது என்று அவர் பார்க்கவில்லை.

துரை சமையலறைத் தரையில் பக்கவாட்டில் கிடந்தது. நான்கு கால்களும் எங்கோ ஓடிக்கொண்டிருந்தன. உடம்பு மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. வாயோரம் நுரை. கண்கள் முழுசாகத் திறந்திருந்தன, அவற்றுக்குள் ஆள் இல்லை.

பயம் வந்தால் சிலர் சாமியைக் கூப்பிடுவார்கள், சிலர் அம்மாவைக் கூப்பிடுவார்கள். வாட்ச்காரர் மணிக்கட்டைப் பார்த்தார். ஐந்து மணி எட்டு நிமிஷம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் தூக்கிக்கொண்டு ஓடி வரச் சொல்லியிருந்தார் கால்நடை டாக்டரம்மா. வாட்ச்காரர் கரண்டி, மூடி எல்லாவற்றையும் காலால் ஒதுக்கிவிட்டு, பூனையின் தலைக்கும் சுவருக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு விநாடி முள்ளையே பார்த்தார். அந்த முள் இத்தனை சோம்பேறி என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு நிமிஷம், பத்து விநாடி. கால்கள் நின்றன. வயிறு ஏறி இறங்கியது. அவருக்கு அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

"டாக்டரம்மா, மறுபடியும் வந்துடுச்சும்மா," என்றார் போனில்.

"எவ்வளவு நேரம் இருந்தது?"

சொன்னார்.

"மருந்து ஒழுங்கா போகுதா?"

"ஒரு வேளை தவறினதில்லை. காலை ஆறு, சாயந்திரம் ஆறு. ஒரு நிமிஷம் பிசகினதில்லைம்மா."

"நான் நேரத்தைக் கேக்கலை சார். உள்ளே போகுதான்னு கேட்டேன். முழுங்குறதைக் கண்ணால பார்க்குறீங்களா?"

வாட்ச்காரர் தரையில் கிடந்த துரையைத் திரும்பிப் பார்த்தார்.

"கேளுங்க," என்றார் டாக்டரம்மா. "மருந்து முழுசாப் போயும் வலிப்பு வருதுன்னா, அளவைக் கூட்டணும். போகாமலே வருதுன்னா, கூட்டவே கூடாது. கூட்டின மருந்து திடீர்னு ஒரு நாள் முழுசா உள்ளே போச்சுன்னா தூங்கிடும். அப்புறம் எழுப்ப முடியாது. ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியணும். பூனை துப்புற மாத்திரை வீட்டுக்குள்ளதான் எங்கேயாவது கிடக்கும். தேடுங்க. ஆறு மணி வேளைக்கு முன்னாடி கூப்பிட்டுச் சொல்லுங்க."

மணி ஐந்து பதினைந்து.

மாத்திரை கொடுக்கும் கதை ஒரு மாசக் கதை. ரோஜா நிற மாத்திரை. அதில் கால் பங்குதான் துரைக்கு. கடிகாரப் பட்டை அறுக்கும் கத்தியால் மயிரிழை பிசகாமல் நாலாக வெட்டி வைப்பார். முதலில் அவரும் மனைவியும் மீனுக்குள் ஒளித்துக் கொடுத்தார்கள். மீன் போனது, மாத்திரை கழுவி வைத்த மாதிரி தட்டில் கிடந்தது. பொடி பண்ணிப் பாலில் கலந்தார்கள். துரை மோந்து பார்த்துவிட்டு, 'நீங்களே குடியுங்கள்' என்பது போல அவர்களைப் பார்த்தது. கடைசியில் துண்டில் சுருட்டிப் பொட்டலம் கட்டி, வாயைப் பிளந்து, நாக்கின் வேரில் வைத்து, வாயை மூடிப் பிடித்துக்கொள்வது என்று முடிவானது. அவர் கை இரண்டிலும் கீறல் இல்லாத இடம் கிடையாது. கடைக்கு வருகிறவர்கள், "வீட்டுல என்ன சார், அவ்வளவு பிரச்சினையா?" என்று மெதுவாக விசாரிக்கும் அளவுக்கு.

இதில் அவர் செய்த பெரிய சாமர்த்தியம் ஒன்று உண்டு. ரிப்பேருக்குக் கொடுத்தவர் திரும்பி வராத பழைய மணிக் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து ஹால் சுவரில் மாட்டி, காலையும் மாலையும் சரியாக ஆறுக்கு அடிக்கும்படி முடுக்கி வைத்தார். நாலே நாளில் துரையும் கடிகாரம் படித்துவிட்டது. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ஆள் மாயம்.

"நீங்க ஒரு நாள் ஆறேகாலுக்குக் கொடுத்துப் பாருங்களேன்," என்பாள் மனைவி. "அதுக்கு மணி தெரியாது, உங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் ஓடுது."

"பன்னிரண்டு மணி நேரம்னா பன்னிரண்டு மணி நேரம். அதுல கால் மணி கூடக் குறைய கிடையாது."

மனைவியின் மாத்திரைக்கும் அந்த மணிதான். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். தெருவுக்கு அவள் வேன்காரம்மா, அவள் வண்டியில் பதினாலு பிள்ளைகள். இரண்டு மாசத்துக்கு முன்னால் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இதயம் தறிகெட்டு ஓடுகிறது என்றார் டாக்டர். சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று எழுதினார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. "இதை நிறுத்தினா எப்போ, எங்கே மயங்கி விழுவீங்கன்னு என்னாலயே சொல்ல முடியாது. நிறுத்தவே கூடாது" என்று அவர் சொன்னதை வாட்ச்காரர் பக்கத்திலிருந்து கேட்டார். மறுநாளிலிருந்து மாத்திரை கொடுக்கும் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். துரைக்கும் வியாதி வந்த பிறகு வசதியாகப் போயிற்று. ஒரே அலாரம்.

"ஆறு மணிக்கு எனக்கு ரெண்டு பேஷண்டு," என்று கடையில் சொல்லிச் சிரிப்பார். "ஒண்ணு நாலு கால், ஒண்ணு நாலு சக்கரம்."

ஹாலில் சோபாவின் இடது மூலை அவள் இடம். தண்ணீரும் மாத்திரையும் அவள் கையில் கொடுத்துவிட்டு, கீழே உட்கார்ந்து துரையோடு மல்லுக்கட்டுவார். "போட்டாச்சா?" என்பார் தலை நிமிராமல். "ஆச்சு" என்பாள். அதற்கப்புறம்தான் அவள் குனிந்து துண்டைப் பிடிப்பாள்.

"என்ன தம்பி, குண்டு விழுந்த மாதிரி சத்தம்?"

அவர் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது, மேல்வீட்டு அக்கா படியிறங்கி வந்து வாசலில் நின்றார். மாடியில் அழகு நிலையம் வைத்திருப்பவர். முழங்கை வரைக்கும் பச்சைக் களிம்பு.

"துரைக்கு வலிப்புக்கா."

"ஐயையோ! இப்போ எப்படி இருக்கு?"

"துப்பின மாத்திரையைத் தேடணும்க்கா. ஆறுக்குள்ள."

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். இருவரும் தேடினார்கள். கட்டிலடி, அலமாரி இடுக்கு, செருப்புத் தட்டு, வாஷிங் மெஷினுக்குப் பின்னால். தொலைந்துபோன ரப்பர் பந்து கிடைத்தது, சீப்பு கிடைத்தது. மாத்திரை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு இடமும் சுத்தமாக இருந்தது. அப்படியானால் எல்லாம் உள்ளேதான் போயிருக்கிறது. போயும் வந்திருக்கிறது. டாக்டரம்மா அளவைக் கூட்டுவார். எழுப்ப முடியாது என்றாரே!

அப்போது துரை எழுந்தது. எழுந்தது என்று சொல்வதைவிட, நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து நிறுத்தியது என்று சொல்லலாம். தள்ளாடி நடந்து கதவில் முட்டியது. திரும்பியது. சுவரில் முட்டியது. பார்வை இன்னும் திரும்பவில்லை. வாட்ச்காரர் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு பின்னாலேயே தவழ்ந்தார். கண் தெரியாவிட்டாலும் போக வேண்டிய இடம் அதற்குத் தெரிந்திருந்தது. ஹாலுக்கு வந்து, சுவருக்கும் சோபாவின் முதுகுக்கும் நடுவே இருந்த சின்னச் சந்தில் புகுந்தது.

"தம்பி, அங்கே பார்த்தோமா?"

பார்க்கவில்லை. அந்தச் சோபா யானைக் கனம். அவருக்கு முதுகுவலி. வீடு கூட்டும்போது துடைப்பம் அதன் விளிம்போடு நின்றுவிடும்.

"நகருங்க. முகத்தைப் பிடிச்சுப் பிடிச்சு எனக்குக் கை இரும்பு," என்று அக்கா ஒரு பக்கம் பிடித்தார். இவர் மறுபக்கம். ஒன்று, இரண்டு, மூன்று. சோபா கிறீச்சிட்டுக்கொண்டு முன்னால் வந்தது.

சுவரோரமாக, தூசிக்கு நடுவே, ரோஜா நிறத் துணுக்குகள் சிதறிக் கிடந்தன.

"இருக்குக்கா! இருக்கு!" அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவருக்கு. அவர் கத்தி வெட்டிய கால் வட்டங்கள். சில பாதி கரைந்தவை, சில வெட்டியபடியே. சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காகிதத்தில் போட்டார். பதினேழு. "கள்ளப் பயலே, வாயில அடக்கி வச்சு, இங்கே வந்து துப்பியிருக்கியேடா."

"தம்பி," என்றார் அக்கா, குனிந்தபடியே. "துரைக்கு வெள்ளை மாத்திரையும் உண்டா?"

அவர் திரும்பினார்.

சோபாவின் இடது மூலை இருந்த இடத்தில், தரையில், ஒரு சிறு குவியல். சிதறல் இல்லை. மேலிருந்து ஒரே இடத்தில் விழுந்து விழுந்து சேர்ந்த குவியல். அடியில் இருந்தவை தூசி படிந்து பழுப்பேறிக் கிடந்தன. மேலே இருந்தவை பளிச்சென்று வெள்ளை.

ஒன்றை எடுத்து லென்ஸைக் கண்ணில் இடுக்கினார். முழு மாத்திரை. கத்தி படவே இல்லை. நடுவில் ஒரு கோடு, கோட்டுக்கு மேல் ஒரு எழுத்து. மாசா மாசம் மருந்துக் கடையில் நின்று வாங்குகிறவர் அவர்தான். லென்ஸே தேவையில்லை.

"தம்பி?"

"ம்? பழசுக்கா. எப்பவோ கொட்டினது."

அக்கா நம்பினாரோ இல்லையோ, மேலே கேட்கவில்லை. வாட்ச்காரர் சோபாவின் இடது மூலையில் உட்கார்ந்தார். வலது கையைத் தன் பாட்டுக்குத் தொங்க விட்டார். இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவே ஓர் இடுக்கு இருந்தது. விரல் தானாக அதில் இறங்கியது. ரொம்ப நாளாக யாரோ விரல் விட்டுப் பழகிய இடுக்கு.

மணி ஐந்து நாற்பத்தைந்து. அவள் வேன் வாசலுக்கு வருகிற நேரம்.

போன் போட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் சொந்த அம்மா கூப்பிட்டாலும் எடுக்காதவள். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி போட்டார். மறுபடியும் அடித்து ஓய்ந்தது. எப்போ, எங்கே விழுவீங்கன்னு சொல்ல முடியாது. இத்தனை நாளும் அந்த வாக்கியம் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. இப்போது யாரோ மூடியைத் திறந்துவிட்டார்கள்.

"டாக்டரம்மாவுக்குப் பேசுங்க தம்பி," என்று அக்கா உலுக்கினார். "என்ன, அப்படியே உட்கார்ந்துட்டீங்க?"

பேசினார். பதினேழு என்றார்.

"அப்பாடா," என்றார் டாக்டரம்மா. "அறுபது வேளையில பதினேழு வெளியே. இன்னும் எங்கெங்கே துப்பியிருக்கோ. வலிப்பு வராம என்ன செய்யும்? அளவைக் கூட்ட வேண்டாம். அதே கால் மாத்திரை. ஆனா முதல்ல பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. காது திரும்பணும். திரும்பலைன்னா வாயில ஒண்ணும் போடாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். போட்டதும், அன்னிக்கு நான் கொடுத்த ஊசி இல்லாத சிரிஞ்சுல ரெண்டு மில்லி தண்ணி. அப்புறம் அவசரப்பட்டு விட்டுடாதீங்க. மூக்கைப் பாருங்க. முழுங்கின பூனை மூக்கை நக்கும். நக்கினா உள்ளே போயிடுச்சு."

சுவரில் ஐந்து ஐம்பத்திரண்டு. வாசலில் வேன் இல்லை. துரையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காது அசையவில்லை. ஐந்து ஐம்பத்தைந்து. கூப்பிட்டார். இடது காது நடுங்கியது, திரும்பவில்லை. தெருவில் ஒரு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனது. அவர் ஜன்னலுக்கு ஓடினார். அது பிரதான சாலைப் பக்கம் திரும்பியது. வேன் வருகிற வழி. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். கைக்கடிகாரம் ஓடுகிற சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

"தம்பி, பூனை இங்கே இருக்கு," என்றார் அக்கா.

"வர்றேன்க்கா."

ஐந்து ஐம்பத்தெட்டு. "துரை," என்றார் மெதுவாக. "டேய், துரை."

இரண்டு காதுகளும் திரும்பின. கண்ணுக்குள் ஆள் வந்துவிட்டது. வந்த ஆள் முதலில் பார்த்தது மணிக் கடிகாரத்தை. அடுத்த கணம் பாய்ந்தது.

"பிடிங்க! பிடிங்க!" அக்கா துண்டோடு விழுந்து அமுக்கினார். "எத்தனை பேர் மூஞ்சியைப் பிடிச்சிருக்கேன், என்கிட்டயா?" துண்டுக்குள் ஒரு புயல் சுழன்றது. ஒரு கால் வெளியே வந்து வாட்ச்காரர் மணிக்கட்டில் நாலு கோடு இழுத்தது. அலாரம் அடிக்கத் தொடங்கியது. நிறுத்த யாருக்கும் கை இல்லை. கணகண கணகண என்று அது தலைக்கு மேல் அடித்துக்கொண்டே இருக்க, அவர் பூனையின் வாயைப் பிளந்தார்.

நாக்கின் வேர். மாத்திரை. மூடினார். உதட்டோரம் சிரிஞ்சு, தண்ணீர். தொண்டையைத் தடவினார். மூக்கைப் பார்த்தார்.

துரை அவரைப் பார்த்தது. அசையவில்லை. இப்படித்தான் ஒரு மாசமாகப் பார்த்திருக்கிறது, அவரும் "ஆச்சு" என்று கையை விட்டிருக்கிறார்.

"விட்டுடலாமா தம்பி?"

"விடாதீங்க."

அலாரம் முறுக்கு தீர்ந்து, தேய்ந்து, நின்றது. அந்த அமைதியில் ஒரு ரோஜா நிற நாக்கு மெல்ல வெளியே வந்து, மூக்கின் மேல் ஒரு முறை, இரண்டு முறை நக்கிக்கொண்டது.

"நக்கிட்டான்!" என்று அக்கா கைதட்டினார். அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஐயையோ, மேலே ஒரு அம்மா முகத்துல பூசி விட்டுட்டு வந்தேன். இந்நேரம் காஞ்சு வெடிச்சிருக்கும்!" படியேறி ஓடிவிட்டார்.

வாட்ச்காரர் வாசலில் போய் நின்றார். ஆறு ஐந்து. ஆறு எட்டு. திரும்ப வந்து வெள்ளை மாத்திரைகளைத் தரையிலிருந்து வழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுபடி வாசல். ஆறு பன்னிரண்டு.

பீம், பீம். இரண்டு சின்ன ஹார்ன். அவளுடைய ஹார்ன்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவள் படியேறுவதற்குள் உள்ளே வந்து சோபாவைத் தள்ளி வைத்தார். முதுகு வலித்ததா என்று கவனிக்கவில்லை.

"மழைத்தண்ணிக் குழாய் வேலைன்னு ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கானுங்க. சுத்திக்கிட்டு வர்றேன்," என்றபடி சாவியை மேஜையில் எறிந்தாள். "இத்தனை தடவை போன் பண்ணியிருக்கீங்க? ஏங்க, துரைக்கு என்ன?"

"வலிப்பு வந்துச்சு. இப்போ பரவாயில்லை. மாத்திரை போயிடுச்சு. உண்மையிலேயே போயிடுச்சு."

அவள் துரையை அள்ளி முகத்தோடு வைத்துக்கொண்டாள். "என் ராசா. என் தங்கம். நான் இல்லாத நேரமாப் பார்த்து வருதா உனக்கு?" கண் கலங்கிவிட்டது. துரை தன் அந்தஸ்துக்கு இது சரியில்லை என்பது போல நெளிந்தது.

"உன்னோடது," என்று அவர் தண்ணீரையும் வெள்ளை மாத்திரையையும் நீட்டினார்.

அவள் துரையை மடியில் வைத்துக்கொண்டு இடது மூலையில் உட்கார்ந்தாள். மாத்திரையை வாயில் போட்டாள். தண்ணீர் குடித்தாள். ஒரு மாசத்தில் முதல் தடவையாக அவர் கையில் எந்த வேலையும் இல்லை, கண்ணில் வேறு எதுவும் இல்லை. அவள் தொண்டையைப் பார்த்தார். தண்ணீர் இறங்கியது தெரிந்தது.

"போட்டாச்சா?"

"ஆச்சு."

விரல்களால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கை கீழே இறங்கியது, தன் பாட்டுக்கு, இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவே.

அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி அள்ளி, அவள் மடியில், வேன் யூனிபார்மின் மேல் வைத்துக் கையைத் திறந்தார். தூசியும் பழுப்பும் வெள்ளையுமாக மாத்திரைகள் உருண்டன. ஒன்று துரையின் முதுகில் விழுந்தது.

அவள் பார்த்தாள்.

"அதுவாவது பூனை. சொன்னாப் புரியாது," என்றார் அவர். "நீ தெருவுல விழுந்து கிடக்குறேன்னு இப்போ அரை மணி நேரமா நான் இந்த ஜன்னல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். எதுக்கு? கசக்குதா? என்னைப் பழி வாங்குறியா? எதுக்குன்னு சொல்லு."

அவள் இடுக்கிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு விரலுக்கு நடுவே ஈரமாக அந்த மாத்திரை இருந்தது. அதை மற்றவற்றோடு மடியில் வைத்தாள்.

"இந்த மாத்திரையைப் போட ஆரம்பிச்ச மூணாவது நாள், சிக்னல்ல வண்டியை நிறுத்துனது ஞாபகம் இருக்கு. முழிச்சுப் பார்த்தா பச்சை விழுந்து மறுபடி சிவப்பே விழுந்திருக்கு, நான் தூங்குற மாதிரி நடிக்கிறேன்னு நெனச்சு பின்னாடி பதினாலு பிள்ளைங்களும் சிரிச்சுக்கிட்டு இருக்குதுங்க."